கலப்பெல்லாம் கார்ப்பரேஷன் பள்ளிக்கு மட்டும்தானா?

காலை எட்டு மணிக்குச் சென்னையில் ஒரே தெருப் பிள்ளைகள் எத்தனை திசையில் பிரிகிறார்கள் என்று பார்த்தாலே இந்த ஊர்க் கல்வியைப் பற்றிப் பாதி விஷயம் புரிந்துவிடும். அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடிப் பையன் சி.பி.எஸ்.இ. பள்ளி வேனில் ஏறுவான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மெட்ரிக் பள்ளி. கீழ்த்தளத்தில் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கும் நேபாளிக் காவலாளியின் மகள் நடந்தே மாநகராட்சிப் பள்ளிக்குப் போவாள். அங்கு வீட்டுவேலைக்கு வரும் அக்காவின் மகனும் அதே பள்ளிதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ் இல்லை. தெலுங்கு, உருது, இந்தி, மலையாளம் என்று போகிறது அந்த வரிசை. அதற்குப் பிறகு கட்டுமானத்துக்கும் மெட்ரோ ரயில் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்களைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறும். ஆனால் நகரத்தில் தெரியும் இந்தக் கலப்பு வகுப்பறைக்குள் அதே அளவில் தெரிவதில்லை. பள்ளி வாசலிலேயே பிள்ளைகள் தரம் பிரிக்கப்படுகிறார்கள். பிரிப்பது பெரும்பாலும் கட்டணம்.

எல்லோரையும் பள்ளிக்குள் கொண்டுவந்து ஒரே பந்தியில் உட்காரவைப்பதில் சென்னைக்கு நாட்டிலேயே முன்னோடி வரலாறு உண்டு. அப்படி உட்காரவைத்த பந்தியிலிருந்து வசதியுள்ளவர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்பதுதான் அடுத்து நடந்த கதை. இப்போது நகரத்துக்குப் புதிதாக வந்துசேரும் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் வேலை முழுவதும் மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தலையில் விழுந்திருக்கிறது. பன்மை என்ற சொல்லை ஆண்டு விழா மேடையில் அதிகம் உச்சரிப்பதோ வேறு பள்ளிகள்.

முதலில் அந்தப் பந்தியின் கதை. 1894-ல் பிரம்மஞான சபையின் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், அடையாறு ஊரூர்ப் பக்கம் பஞ்சமர் (தலித்துகளுக்கு அன்று இருந்த பெயர்) பிள்ளைகளுக்கென்று ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மற்றப் பள்ளிகளின் திண்ணையில்கூட அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காத காலம் அது. பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. 1920-ல் நீதிக்கட்சி ஆட்சி செய்த சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவழிக்கலாம் என்பது நிபந்தனை. செலவுக்கு மேலிடம் ஒத்துக்கொள்ளாமல் 1925-ல் திட்டம் நின்றுபோனது. பிறகு 1956-ல் காமராசர், 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-ல் கருணாநிதியின் முட்டை, 2022-ல் ஸ்டாலினின் காலை உணவு என்று அந்த ஓர் அணா இன்று உப்புமாவும் கிச்சடியும் பொங்கலுமாக வளர்ந்து நிற்கிறது.

இதை வெறும் பசி தீர்க்கும் திட்டமாகப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். யார் கையால் சமைத்ததை யார் சாப்பிடலாம் என்று ஆயிரம் விதி வைத்திருந்த ஒரு சமூகத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே அண்டாவிலிருந்து பரிமாறுவது சாதாரணக் காரியமில்லை. காலை உணவுத் திட்டம் விரிவான 2023-லேயே, தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாத ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன. கலெக்டரும் எம்.பி.யும் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

சீருடை, சமச்சீர் கல்வி எல்லாம் இதே வழியில் வந்தவைதான். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு விதமாகக் கிடந்ததை 2010-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்டில்தான் பாடப்புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது. அதற்குப் பின் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். பல மெட்ரிக் பள்ளி நிர்வாகங்கள் சி.பி.எஸ்.இ. பலகையை மாட்டின. பாடத்தை ஒன்றாக்கினால் பிரிவினைக்கு வேறு வழி கண்டுபிடிக்கிறார்கள். நம் ஊர் நடுத்தர வர்க்கத்தின் சாமர்த்தியத்தை இந்த விஷயத்தில் குறைத்து எடைபோடவே கூடாது.

இந்தத் திட்டங்கள் அனைத்துக்கும் அடியில் இருக்கும் யோசனை ஒன்றுதான்: வேற்றுமை கண்ணில் படாமல் செய்துவிட்டால் அவமானம் குறையும். ஒரே சட்டை, ஒரே தட்டு, ஒரே புத்தகம். பெயரிலும் இதே வேலையைத் தமிழ்நாடு செய்திருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைக் கைவிடச் சொன்னது. இன்று சென்னையில் எந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தாலும் க. பிரியா, மு. சந்தோஷ் என்று அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. சாதி, மதத்தைக் குறிப்பிட விருப்பமில்லை என்றால் பள்ளிப் பதிவில் அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று 1973-லேயே அரசாணை வந்தது. இதெல்லாம் பெரிய சாதனைதான்.

ஆனால் கண்ணில் படாமல் செய்வதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. சாதி வேறு வழியில் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று ஒரு குரல். நாற்பது பேர் பார்க்க ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். அதுவரை பெயரில் காத்த ரகசியம் அத்தோடு முடிந்தது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தச் சின்ன விஷயங்களையும் விட்டுவைக்கவில்லை. பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகை பற்றி மாணவனைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும், அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், கையில் இன்ன சாதி என்று காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதிப் பெயர் கூடாது என்று நீள்கிறது அது.

சென்னையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் "அதெல்லாம் தெக்கத்திப் பிரச்சினை சார்" என்று ஒரு பதில் தயாராக வரும். சென்னையில் கயிறு இல்லைதான். இங்கே அந்த வேலையை முகவரி செய்கிறது. 2000-ம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கம் என்று கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடும்பங்களை நகரத்துக்கு வெளியே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 20,000 வீடுகள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள், கூலித் தொழிலாளர்கள். பல முறை அகற்றம் நடந்தது கல்வியாண்டின் நடுவில், சில நேரம் பொதுத்தேர்வை ஒட்டி. பழைய பள்ளியிலேயே தேர்வெழுத வேண்டிய பிள்ளைகள் விடியற்காலை பஸ் பிடித்து நகரத்துக்குள் வந்து போனார்கள். முடியாதவர்கள் நின்றுவிட்டார்கள். போனவர்களுக்கும் புதிய பள்ளியில் "எங்கேர்ந்து வர்றே?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவுடன் பார்வை மாறும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பக்கத்து ஊர்ப் பெயரைப் போடும் பழக்கம் அங்கே வந்ததற்கு இதுதான் காரணம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் ஆடிய கார்த்திகாவால் கண்ணகி நகர் என்ற பெயர் முதல் முறையாகப் பெருமையோடு தலைப்புச் செய்தியானது. ஒரு பேட்டையின் பெயரைத் துடைக்க ஒரு பெண் பஹ்ரைன் வரை போய்த் தங்கம் வாங்க வேண்டியிருக்கிறது.

சரி, புதிதாக வருபவர்களின் கதைக்கு வருவோம். எனக்கு இதுதான் இன்றைய முக்கியமான விஷயமாகப் படுகிறது.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், நேபாளம் என்று எங்கிருந்து வந்தாலும் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் 'இந்திப் பையன்'. வீட்டில் அவன் பேசுவது மைதிலியாக இருக்கலாம், ஒடியாவாக இருக்கலாம், சந்தாலியாகவும் இருக்கலாம். இந்தியே அவனுக்குப் பள்ளிக்கூடத்து மொழியாக இருந்திருக்கும். நல்லெண்ணத்தோடு ஓர் ஆசிரியர் தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையைப் பேசிப் பார்க்க, பையன் முழிப்பான். "இவனுக்கு இந்தியும் வரலை" என்று முடிவாகிவிடும்.

முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு இது பெரிய தடையில்லை. விளையாட்டு மைதானத்தில் கற்றுக்கொண்டு, வருஷம் முடிவதற்குள் தமிழில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிடும். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்கு அதுவே மொழிபெயர்ப்பாளர். சிக்கல் பன்னிரண்டு வயதில் வந்து சேரும் பிள்ளைக்கு. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. டி.சி. தாமதமானாலும் வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆகவே அவன் ஏழாம் வகுப்பில் உட்காருகிறான். எதிரே தமிழ்ப் பலகை. கணக்கு அவனுக்குத் தெரியும், ஆனால் கேள்வியைப் படிக்கத் தெரியாது. 'ஒரு வியாபாரி கிலோ 40 ரூபாய் வீதம் 15 கிலோ அரிசி வாங்கினார்' என்ற வரியில் 40, 15 என்ற இரண்டு எண்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். கூட்டுவதா பெருக்குவதா என்று ஊகித்து ஒன்றைப் போடுவான். தப்பானால் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் பெயர் ஏறிவிடும். மொழி தெரியாததும் அறிவு குறைந்ததும் ஒரே பட்டியலில் வந்து விழுவது இப்படித்தான்.

ஆங்கில வழிப் பிரிவு இருக்கும் பள்ளியில் இதைக் கொஞ்சம் சமாளிக்கிறார்கள். எண்களும் சில சொற்களுமாவது பொதுவாக இருக்கும். மற்றபடி நடைமுறை ஏற்பாடு, நாலு வருஷம் முன்னால் வந்துசேர்ந்த ஒரு பெரிய பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பது. ஆசிரியர் சொல்வதை அது மொழிபெயர்த்துச் சொல்லும். தன் பாடத்தை அது எப்போது படிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 'தமிழ் மொழி கற்போம்' என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்திருப்பது சரியான திசையில் ஓர் அடி. தமிழ் கற்றுக்கொடுப்பது அவசியம், இந்த ஊரில் வாழ அதுதான் வழி. ஆனால் பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர் முதல் ஆறு மாதம் பள்ளியில் இருந்தால் அந்தத் தமிழ் இன்னும் வேகமாக வரும். முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமும், சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவும் சொல்கின்றன. தாய்மொழிவழிக் கல்விக்காக இவ்வளவு போராடிய நமக்கு அந்த வாதம் புரியாமல் போகக் கூடாது.

செய்ய முடியாத காரியமும் இல்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து அறுவடைத் திருநாள் நுவாகாய் முடிந்ததும் கிளம்பி வரும் குடும்பங்கள், மழை தொடங்கும்வரை சூளையில் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒடிசாவிலிருந்து ஒடியாப் பாடப்புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்து, வேலையிடத்திலேயே வகுப்பு நடத்தினார்கள். ஊர் திரும்பிய பிள்ளை அடுத்த வகுப்பில் உட்கார முடிந்தது. நகரத்துக்குள் இப்படி ஓரிடத்தில் கூட்டமாகப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், பத்துப் பள்ளிகளில் சிதறிக் கிடப்பார்கள் என்பது உண்மைதான். அப்பாவின் வேலை சிறுசேரியில் முடிந்து ஒரகடத்துக்கு மாறினால் பிள்ளையின் பள்ளியும் மாறும். தமிழ்நாட்டுக்குள் என்றால் எமிஸ் எண், அதாவது மாணவரின் பதிவு எண், கூடவே போகும். சொந்த ஊருக்குத் திரும்பினால் அந்தப் பிள்ளை படித்ததா நின்றதா என்று இங்கே யாருக்கும் தெரியாது.

பெயர் விஷயத்திலும் இவர்கள் நிலை தலைகீழ். தமிழ்ப் பிள்ளை இனிஷியலோடு வருகிறது. பீகார்ப் பிள்ளை சாதியைப் பெயரிலேயே சுமந்து வருகிறது. ஆனால் இங்கே யாருக்கும் அது படிக்கத் தெரியாது. ஒரு விதத்தில் அது விடுதலை. அப்புறம் சான்றிதழ் என்று வரும்போதுதான் அடி விழும். சொந்த மாநிலத்தில் வாங்கிய எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழ் குடிபெயர்ந்த மாநிலத்தில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை சென்னைப் பதிவேட்டில் பொதுப் பிரிவாகிவிடுகிறது. சக மாணவர்களுக்கு அவன் வெறும் 'வடக்கன்'. பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் போடும் கேலியைத்தான் பிள்ளைகள் இடைவேளையில் திருப்பிச் சொல்கிறார்கள்.

இங்கேயே பல தலைமுறையாக இருக்கும் மொழிச் சிறுபான்மையினரின் பிரச்சினை வேறு மாதிரி. திருவல்லிக்கேணியில் உருது, வடசென்னையில் தெலுங்கு, சௌகார்பேட்டையில் குஜராத்தியும் மார்வாரியும். 2006-ம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கி, 2016 பத்தாம் வகுப்புத் தேர்வில் வந்து நின்றபோது, தெலுங்கு, உருது வழிப் பிள்ளைகள் பலர் தமிழ்த்தாள் எழுதத் தயாராக இல்லை. காரணம் அவர்களுடைய பிடிவாதம் என்று சொல்ல முடியாது. பத்தாண்டு அவகாசத்தில் அந்தப் பள்ளிகளுக்கு வேண்டிய தமிழாசிரியர்கள் போய்ச் சேரவில்லை. பிறகு நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து விலக்கு வாங்கினார்கள். சட்டம் போட்ட கையோடு ஆசிரியரையும் போட்டிருந்தால் வக்கீல் தேவைப்பட்டிருக்காது.

இனி தனியார் பள்ளிகள். தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுகளுக்கு என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. காவலாளியின் மகளும் மூன்றாம் மாடிப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார இந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கும் ஒரே வழி இதுதான். சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்று 2012, 2014 தீர்ப்புகள் சொல்லிவிட்டன. சென்னையின் பேர்பெற்ற பள்ளிகளில் பல, மதச் சிறுபான்மை அல்லது மொழிச் சிறுபான்மை அந்தஸ்து உள்ளவை என்பதால் அந்தக் கதவுகள் அதோடு சாத்தப்பட்டன. அவற்றில் சில, சட்டம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்த்தவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2025-ல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்ததில் இந்த 25 சதவீதச் சேர்க்கையே வழக்கமான நேரத்தில் தொடங்காமல் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. பாதிப் பேர் அதற்குள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருப்பார்கள்.

சேர்ந்த பிள்ளைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்பது தனிக் கதை. கட்டணத்தை அரசு கொடுக்கும், வேனுக்கும் சுற்றுலாவுக்கும் அபாகஸ் வகுப்புக்கும் கொடுக்காது. 'டிபன் பாக்ஸில் அசைவம் வேண்டாம்' என்று டைரியில் அச்சடிக்கும் பள்ளிகள் இந்த ஊரில் உண்டு. அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளியில் வாரம் ஐந்து முட்டை போடுகிறார்கள், முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இரண்டில் எது பன்மையை மதிக்கிற ஏற்பாடு என்று சொல்ல நிபுணர் வேண்டியதில்லை.

அப்புறம் இருக்கவே இருக்கிறது மாறுவேடப் போட்டி. ஒரு பிள்ளை பஞ்சாபி, ஒன்று காஷ்மீரி, ஒன்று ஊசிமணி பாசிமணியோடு குறத்தி. குறவரும் நரிக்குறவரும் வெவ்வேறு சமூகங்கள் என்பது மேக்கப் போட்ட அம்மாவுக்கும் தெரியாது, பரிசு கொடுத்த தாளாளருக்கும் தெரியாது. ஆபாசமாகச் சித்திரிக்கப்படுகிறோம் என்று குறவர் சமூகத்தினர் எதிர்த்த குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023-ல் அரசு தடையே விதித்தது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கு 2022 டிசம்பர் வரை, நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றும்வரை, காத்திருந்தார்கள். வீட்டில் வாக்ரிபோலி பேசும் அந்தச் சமூகத்துப் பிள்ளைக்குப் பல நேரம் வகுப்பில் சேர்க்கை கிடைக்கும், பெஞ்சில் பக்கத்து இடம் கிடைக்காது.

கல்வி உரிமைச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களை முறையாகத் திருத்தி அமைத்தார்கள். பிள்ளைகளில் கணிசமானோர் வெளிமாநிலத்தவராக இருக்கும் பள்ளியில் ஓர் ஒடியா அம்மாவோ நேபாளி அப்பாவோ அந்தக் குழுவில் உட்கார்ந்தால், பிள்ளைக்கு என்ன மொழி, எப்போது ஊருக்குப் போவார்கள், என்ன சாப்பிடாது என்பதெல்லாம் முதல் கூட்டத்திலேயே தலைமையாசிரியருக்குத் தெரிந்துவிடும். இப்போது கூட்டம் நடப்பது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. 2022 மார்ச்சில் குழுக்களைத் தொடங்குவதற்கு முன்பு மாநிலம் முழுக்கப் பெற்றோரை அழைத்தபோது, ஞாயிற்றுக்கிழமையில்தான் அழைத்தார்கள்.